மாடியிலிருந்து இறங்கி வந்த நீர்யானை

சாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கத் தெருவில் வந்து சீனியம்மா மெஸ் எங்கே என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள், அந்தச் சீனியம்மாள் நான்தான், என் கடைக்கு மேல்மாடியிலிருந்து ஒரு நாள் காலை நீர்யானை ஒன்று படியிறங்கி வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்ததை, அது இந்த ஊரில் இருந்ததை, போனதை, போன பிறகு நடந்ததை எல்லாம் டீக்கடையில் ஒரு விதமாகவும் சலூனில் ஒரு விதமாகவும் அளந்து திரிகிறார்கள், ஆனால் சோறு போட்டவள் நான், அதனால் நான் சொல்வதைக் கேளுங்கள்.

மாடியில் நடப்பது என்ன வேலை என்று எனக்கே ரொம்ப நாள் விளங்கவில்லை. மெட்ராஸிலிருந்து திரும்பி வந்த கனகவேல் தம்பி வாடகைக்குப் பிடித்து, ஜன்னலையெல்லாம் அடைத்து ஏசி மாட்டி, வரிசையாகக் கம்ப்யூட்டரை வைத்து, நம்ம ஊர்ப் பிள்ளைகளாகப் பார்த்து உட்கார வைத்திருந்தது, அதுகள் காலையில் ஏறினால் பொழுது சாய இறங்கும், நடுவில் என் கடைக்கு மட்டும் வரும். வெளிநாட்டில் குழந்தைகள் பார்க்கிற பொம்மைப் படமாம், அதில் பென்னோ என்று ஒரு நீர்யானையாம், சிவப்பு பூட்ஸ் போட்டுக்கொண்டு ஒரு ஏரிக்கரை வீட்டில் குடியிருக்குமாம். கதையை அங்கே எழுதிவிடுவார்கள், பேச்சையும் அங்கேயே பேசிவிடுவார்கள், ஆனால் அந்த நீர்யானை கையைத் தூக்குவது, காலை எடுத்து வைப்பது, தும்முவது, வெட்கப்படுவது, யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பிப் பார்ப்பது எல்லாம் என் கடை மாடியில்தான் நடந்தது. நிழல் போடுகிற வேலை மட்டும் இன்னொரு தேசத்தில், ஏதோ தீவில் என்று கனகவேல் சொன்னது. ஒரு நீர்யானையை இத்தனை ஊரில் கூறு போட்டு வைத்திருக்கிறார்களே என்று நான் சிரித்தேன்.

அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் தலைமை மாரீஸ்வரி. தீப்பெட்டிக்கு லேபிள் படம் வரைந்துகொண்டிருந்த பெண், கட்டினவன் பஸ் கண்டக்டர், ஒரே மகள் தன்ஷிகா, மூணாப்பு. மாரி வரைந்தால் பென்னோவுக்கு உயிர் வரும், அது எனக்குத் தெரியும், ஏனென்றால் யோசிக்கும்போது அவள் கழுத்தைச் சாய்த்துப் புறங்கையால் மூக்கைத் தேய்ப்பாள், படத்தில் அந்த நீர்யானையும் அப்படியேதான் தேய்க்கும்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த தன்ஷிகா வடை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது. வடை வேண்டாம் என்று சொல்கிற பிள்ளை இல்லை அது. அம்மா இறங்கி வந்து துருவித் துருவிக் கேட்ட பிறகு அழுதுகொண்டே சொன்னது, பென்னோவை எங்க அம்மாதான் வரையிறாங்க என்று வகுப்பில் சொல்லியிருக்கிறது, ஒரு பையன் அவனுடைய அப்பா போனைக் கொண்டுவந்து, படம் முடிந்து பேர் ஓடுகிற இடத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டி, எங்கே உங்க அம்மா பேரு என்று கேட்டிருக்கிறான். கதை எழுதினவர் பேர் இருந்தது, பாட்டு போட்டவர் பேர் இருந்தது, அங்கே அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தவர் பேர் வரைக்கும் இருந்ததாம், மாரீஸ்வரி பேர் இல்லை. ஜான்சி டீச்சர் பொல்லாதவள் இல்லை, தினமும் என்னிடம்தான் சாப்பாடு பார்சல் வாங்குகிறாள், ஆனாலும் பொய் சொல்லக் கூடாது தன்ஷிகா என்று சொல்லி அந்த பீரியட் முழுக்க நிற்க வைத்துவிட்டாள்.

மாரிக்கு முகம் தொங்கிப் போனது. கூலியைப் பற்றி அவள் ஒரு நாளும் வாய் திறந்தது கிடையாது, அன்றைக்குத்தான் கனகவேலிடம் போய் நின்றாள்.

"சார், எங்க பேரைப் போடச் சொல்லிக் கேளுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

கனகவேல் தலையைச் சொறிந்தது. "மாரி, அங்க ஒரு ஆளை வச்சு வேலை வாங்குற செலவுல இங்க நம்ம ஆபீஸே ஓடும், அதுக்காகத்தான் நமக்குத் தர்றான். பேரு கீருன்னு ஆரம்பிச்சா வேற நாட்டுக்குத் தூக்கிக் குடுத்துட்டுப் போயிருவான்மா."

"கேட்டுத்தான் பாருங்களேன் சார்."

கேட்டது. மறுநாளே பதில் வந்தது, பேர் போடுவது படைப்பு வேலை செய்கிறவர்களுக்கு மட்டும், உங்கள் பக்கம் நடப்பது செய்து கொடுக்கிற வேலை, அதற்குப் பேர் போடுகிற வழக்கம் இல்லை என்று. படத்தில் பின்னால் தெரிகிற மரம் மட்டை வரைகிற ஆறுமுகச்சாமி, குசும்புக்காரன், "விடுக்கா, புல்லுக்குள்ள பொடி எழுத்துல நம்ம பேரை எல்லாம் எழுதி விட்டுடுறேன், எந்த வெள்ளைக்காரன் குனிஞ்சு பாக்கப் போறான்" என்றான். மாரி ஒத்துக்கொள்ளவில்லை. "திருட்டுத்தனமா எழுதுறதுக்குப் பேரு எதுக்குடா, போட வேண்டியவங்க போடணும்" என்று சொல்லிவிட்டாள்.

அதே கடுதாசியில் இன்னொரு புகாரும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். பென்னோ வீட்டுக்குள் நுழைகிற காட்சியில் வாசலிலேயே பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு நுழைகிறானாம், கதையில் அப்படி இல்லை, பூட்ஸோடு போக வேண்டும், ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டிருந்தார்கள். யாரும் வேண்டுமென்று மாற்றவில்லை. பூட்ஸ் காலோடு ஒருத்தன் நடுவீட்டுக்குள் போவதை நம்ம பிள்ளைகளுக்குச் சுட்டுப் போட்டாலும் வரைய வரவில்லை, திருத்திக் கொடுப்பார்கள், அதில் ஒருத்தி மறந்துபோய்க் கழற்ற விட்டிருப்பாள், மறுபடி திரும்பி வரும், மறுபடி இன்னொருத்தன் கழற்ற விட்டிருப்பான். அன்றைக்கும் பேர் கிடையாது என்ற பதிலை மனதில் வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, எல்லாரும் பூட்ஸை மாட்டிவிடுகிற வேலையைத்தான் பார்த்தார்கள்.

மறுநாள் காலை நான் கடை திறந்து வாசல் தெளிக்கும்போது, மாடிப்படிக்குக் கீழே அந்தப் பிள்ளைகள் விடுகிற செருப்புகளோடு ஒரு ஜோடி சிவப்பு பூட்ஸ் கிடந்தது. யாரோ புதுசாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு உள்ளே திரும்பினால், முதல் பெஞ்சில் பென்னோ உட்கார்ந்திருந்தான். ஆள் உயரம், சாம்பல் நிறம், நீலக் கோட்டு, கைக்கு நாலு விரல், உடம்பைச் சுற்றிக் கரியால் இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. கடைக்கு வந்தவனை யார் என்ன என்று கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை, இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்து இட்லியை வைத்தேன்.

அவன் இட்லியை எடுத்தான், வாய் வரைக்கும் கொண்டுபோனான், அங்கேயே நின்றுவிட்டான். கீழே வைத்தான், மறுபடி எடுத்தான், மறுபடி வாய்க்குப் பக்கத்தில் கை நின்றது. பாவமாக இருந்தது. அதற்குள் மாடியில் ஒரே சத்தம், கம்ப்யூட்டரைத் திறந்தால் வீடு இருக்கிறது, ஏரி இருக்கிறது, மரம் இருக்கிறது, பென்னோவை மட்டும் காணோம், கனகவேல் தலையில் கையை வைத்துக்கொண்டு இறங்கி வந்து என் கடைக்குள் பார்த்துவிட்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. மாரி மட்டும் பதறவில்லை. பென்னோவையும் இலையையும் பார்த்துவிட்டு, "கதையில இவன் கேக்கைத் தூக்குவான்க்கா, தின்னப் போகும்போது தட்டி விட்டுருவாங்க, எல்லாக் கதையிலயும் அப்படித்தான், இவன் முழுங்குற மாதிரி நாங்க வரைஞ்சதே இல்லை" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனாள்.

மத்தியானம் வரைக்கும் வரைந்தாள். வாயைத் திறப்பது, வைப்பது, மெல்லுவது, தொண்டை ஏறி இறங்குவது, கடைசியில் திருப்தியாக ஒரு மூச்சு விடுவது. நான் சோற்றை வடித்துக்கொண்டிருந்தேன், பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினால் ஆறிப்போன இட்லி அத்தனையும் உள்ளே போய்விட்டது, பென்னோ இலையை நக்காத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கு மேல் அவன் சாப்பிட்ட சாப்பாடு இருக்கிறதே, சோறும் குழம்பும் ரசமும் மோரும், அப்பளம் தனி, பிறந்ததிலிருந்து பசித்தவன் சாப்பிடுகிற சாப்பாடு அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, பெற்ற பிள்ளைக்கு ஊட்டின மாதிரி இருந்தது. தெருவே கூடி நின்று பார்த்தது, பார்த்துவிட்டு என்ன சொன்னார்கள் தெரியுமா, "வெளிநாட்டு ஆளு, பாருங்க, எவ்வளவு சீக்கிரம் கையால சாப்பிடப் பழகிட்டாரு" என்றார்கள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஊர் அவனைப் பென்னையா என்று கூப்பிட்டது, தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. அயல்நாட்டு விருந்தாளியே வருக என்று பஸ் ஸ்டாண்ட் முன்னால் பேனர் கட்டினார்கள், அதில் நம்ம ஆட்கள் படம் பெரிதாகவும் பென்னையா படம் மூலையில் பொட்டு மாதிரியும் இருந்தது. சேவுக் கடைக்காரர்கள் போட்டி போட்டுப் பொட்டலம் கொடுத்தார்கள், ஸ்டேஷனிலிருந்து வந்தவர் பாஸ்போர்ட் கேட்டார், பென்னோ கையை விரித்துக் காட்டினான், அவருக்கும் ஒரு சேவுப் பொட்டலம் போனது, அதோடு சரி. நீர்யானைக்குத் தண்ணீர் வேண்டுமே என்று வைப்பாற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள், ஆற்றில் மணல்தான் கிடந்தது, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான், அன்றிலிருந்து தண்ணீர் லாரிக்காரர் தெருவுக்கு விடுவதற்கு முன்னால் ஒரு குழாய் அவன் முதுகில் பிடித்துவிட்டுப் போவார், எந்தப் பொம்பளையும் அதற்குச் சண்டைக்கு வரவில்லை, தண்ணீருக்குச் சண்டை போடாத தெருவாக எங்கள் தெரு ஆனது அந்த நாட்களில்தான்.

அவனுக்குப் பேச்சு வரவில்லை, பேச்சு அங்கே இருந்தது. நிழலும் விழவில்லை, நிழல் அந்தத் தீவில் இருந்தது. உச்சி வெயிலில் தெரு நடுவில் நின்றால் அவன் காலடியில் வெறும் வெளிச்சம்தான் கிடக்கும், பார்க்க ஒரு மாதிரியாக இருக்கும், வத்தல் காயப் போடுகிற பெண்கள் அதற்கும் ஒரு உபயோகம் கண்டுபிடித்து, வெயிலை மறைக்காமல் காவல் இருப்பான் என்று அவனைக் கூப்பிட்டு வத்தல் பாய்க்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்கள்.

ஒன்று மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. அவனுக்குப் படுக்கத் தெரியவில்லை என்று மாரி படுக்கிற மாதிரி வரைந்தாள், அன்று மத்தியானமே அவன் என் கடைப் பின்கட்டில் படுத்துக் குறட்டை விட்டான். குடம் தூக்குகிற மாதிரி வரைந்தாள், குடம் தூக்கினான். கும்பிடுகிற மாதிரி வரைந்தாள், கும்பிட்டான். பென்னையா எவ்வளவு கெட்டிக்காரர், வந்த இடத்தில் எல்லாவற்றையும் கற்றுக்கொள்கிறார் என்று ஊர் சொன்னதே தவிர, மாடியில் ஒருத்தி கழுத்து வலிக்க வரைகிறாள் என்று ஒரு வாய் சொல்லவில்லை. நானே கவுன்சிலரிடம் சொல்லிப் பார்த்தேன். "மாடியில படம் பாத்து காப்பி அடிக்கிற புள்ளைகதான அக்கா அது" என்று அவர் சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது. அங்கே இருக்கிறவன்தான் இது படைப்பு வேலை இல்லை என்கிறான் என்றால், பென்னோவை இந்தக் கண்ணால் பார்த்து என் கடையில் காப்பி குடித்துவிட்டுப் போகிறவனும் அதையேதான் சொல்கிறான்.

பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்குப் பென்னையாதான் சிறப்பு விருந்தினர். தன்ஷிகா எல்லார் முன்னாலும் போய் நின்று, எங்க அம்மாதான உன்னை வரைஞ்சாங்க, சொல்லு என்று கேட்டிருக்கிறது. அவனுக்குப் பேச்சு இல்லையே, அதன் தலையைத் தடவிக் கொடுத்தான். எல்லாத் தலையையும்தான் தடவினான் என்று பிள்ளைகள் சொல்லிவிட்டன, அன்றைக்கும் தன்ஷிகா வடை சாப்பிடவில்லை.

கொஞ்ச நாள் கழித்து வெளிநாட்டிலிருந்து ஒரு அம்மாள் வந்தார்கள். இங்க்ரித் என்று பேர், பென்னோவை முதல் முதலில் வரைந்தவர்கள், நரைத்த முடி, கையில் ஒரு ஜாம் பாட்டில். மாடிப்படி கிட்டே செருப்புகளைப் பார்த்துவிட்டு யாரும் சொல்லாமலே தன்னுடையதையும் கழற்றி வைத்தார்கள், அதிலேயே எனக்கு அவர்களைப் பிடித்துப் போய்விட்டது. அங்கேயும் எல்லாக் கம்ப்யூட்டரிலும் பென்னோ காணாமல் போய்விட்டானாம், குரல் மட்டும் ஆபீஸில் சுற்றிச் சுற்றி வந்து, சுவரில் முட்டி, ராப்பகலாகப் புலம்பிக்கொண்டிருந்ததாம், பிடித்துப் பாட்டிலில் அடைத்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஏர்போர்ட்டில் கேட்டதற்கு ஜாம் என்று சொன்னார்களாம்.

பென்னோ அவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றான். நின்றானே ஒழிய நடக்கவில்லை, கல் மாதிரி நின்றான். அவர்கள் ஏதோ சொன்னார்கள், கனகவேல் தமிழில் சொன்னது, "சின்ன வயசுல பஸ் டிக்கெட் பின்னால இவனை வரைஞ்சாங்களாம், இதே மாதிரி நின்னுக்கிட்டு இருந்தானாம்."

"அதான் நிக்கிறான்" என்றாள் மாரி. "நிக்கிறது அவங்க வரைஞ்சது சார். நடக்கிறது நாங்க வரைஞ்சது. சொல்லுங்க."

கனகவேல் சொல்லத் தயங்கியது. நான் ஒரு அதட்டுப் போட்டேன், சொல்லிவிட்டது. அந்த அம்மாள் மாரியைப் பார்த்தார்கள், புறங்கையால் மூக்கைத் தேய்த்துக்கொண்டு நின்ற மாரியைப் பார்த்தார்கள், பக்கத்தில் அதே மாதிரி மூக்கைத் தேய்க்க ஆரம்பித்த பென்னோவைப் பார்த்தார்கள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து பாட்டில் மூடியைத் திறந்தார்கள். கடைக்குள் ஒரு கட்டைக் குரல் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் பென்னோ வாய்க்குள் போனது. அவன் இருமினான், செருமினான், அவன் பாஷையில் கணீரென்று ஏதோ சொன்னான்.

"என்ன சொல்றாரு" என்று எல்லாரும் கனகவேலைப் பிடித்து உலுக்கினார்கள்.

"இன்னும் கொஞ்சம் ரசம் கேக்குறாரு."

நான் ஊற்றினேன். மாரி இங்க்ரித் அம்மாள் எதிரில் உட்கார்ந்து, மகள் வகுப்பில் நின்ற கதையைச் சொன்னாள், ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை, கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை. அந்த அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. உங்கள் பேரெல்லாம் கடைசியில் வரும் என்றுதான் நினைத்திருந்தேன், என் பேர் வந்ததும் நிறுத்திவிடுவேன், அதற்குக் கீழே நான் படித்ததே இல்லை என்றார்கள். உடனே அங்கேயே உட்கார்ந்து அவர்கள் கம்பெனிக்குப் போன் போட்டார்கள், கெஞ்சினார்கள், சண்டை போட்டார்கள், பாஷை புரியாவிட்டாலும் சண்டை புரியும். கம்பெனி மசியவில்லை. ஒப்பந்தத்தில் இல்லை என்றார்கள், வெள்ளிக்கிழமைக்குள் நீர்யானை படத்துக்குள் வரவில்லை என்றால் ஒப்பந்தமே இல்லை, வேறு நாட்டில் வேறு நீர்யானை வரையச் சொல்லிவிடுவோம் என்றார்கள்.

பென்னோவுக்கு உள்ளே போகிற வழி தெரியாது. அவன் படியேறி, கதவைத் திறந்து, ஏரிக்கரைக்குப் போகிற மாதிரி யாராவது வரைய வேண்டும், வரைந்தால் மாரிதான் வரைய வேண்டும். வரையாதே என்று ஊரில் பாதிப்பேர் சொன்னார்கள். நானும் சொன்னேன், பேரும் தர மாட்டான், இவனையும் கொடுக்க வேண்டுமா, இங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும் மாரி என்று சொன்னேன்.

"வரையலைன்னா ஆறுமுகச்சாமி எங்கக்கா போவான், அந்தப் புள்ளைக எல்லாம் எங்க போகும்" என்றாள் மாரி. "இவனைப் பாக்காம அங்க எத்தனை புள்ளைக அழுதுக்கிட்டு இருக்குதோ. நான் இவனுக்கு வஞ்சகம் பண்ண மாட்டேன்க்கா." பிறகு தன்ஷிகாவைக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்து, "அம்மா பேரு வராதுடா, நீ இனிமே வகுப்புல ஒண்ணும் சொல்லாத" என்றாள்.

"சொல்லுவேன்" என்றது தன்ஷிகா. "நீதான வரையிற."

வியாழக்கிழமை முழுக்க வரைந்தாள். அவன் வழியில் பசியோடு போகக் கூடாது என்று சாப்பிட்ட வயிற்றோடு நடக்கிற நடையாக வரைந்தாள், கொஞ்சம் மந்தமாக, கொஞ்சம் சாய்ந்து. வெள்ளிக்கிழமை காலை பென்னோ படியேறினான். போனதும் உள்ளே போய்விடவில்லை, ஒவ்வொரு நாற்காலியாக நின்று, குனிந்து, ஒரே கேள்வியைக் கேட்டான். பேர் கேட்கிறான் என்று இங்க்ரித் அம்மாள் சொன்னார்கள். நம்ம பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சொல்கிற மாதிரி இனிஷியலோடு சொன்னார்கள், அவன் ஒவ்வொன்றையும் வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டான். பிரிவு சொல்கிறான் என்றுதான் நாங்கள் நினைத்தோம். கீழே வந்து என்னிடமும் கேட்டான், சீனியம்மாள் என்றேன், அழுகையில் சரியாக வரவில்லை. மறுபடி படியேறிப் படத்துக்குள் போய்விட்டான். கடை வெறிச்சென்று ஆகிவிட்டது, நான் வடித்த சோறு அன்றைக்கு மிஞ்சியது.

பிறகு நடந்ததை முன்பின்னாகச் சொல்கிறேன். இப்போது எல்லாக் கதை முடிவிலும் எங்கள் மாடிப் பிள்ளைகள் பேர் எழுத்தில் வருகிறது, கம்பெனியே போடுகிறது, ஏனென்றால் பென்னோ வாயால் சொல்லி முடிக்கிற நேரத்தைவிட எழுதிப் போட்டால் சீக்கிரம் முடிகிறது. கூலியும் ஏதோ ஏறியது, போதாதுதான், அதற்கு மாரி இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள், போடட்டும். நான் சொல்ல வந்தது அந்த முதல் நாளை.

சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம், அங்கே காலையாம். கனகவேல் வயரைக் கொண்டுவந்து என் கடை டிவியில் மாட்டியது. மாடிப் பிள்ளைகள் எல்லாம் இலை போட்டு உட்கார்ந்திருந்தார்கள், மாரி பக்கத்தில் தன்ஷிகா, பார்சலுக்கு வந்த ஜான்சி டீச்சர் கையில் தூக்குச்சட்டியோடு நின்றாள். கதை ஓடியது, முடிந்தது, பாட்டு வந்தது, பேர் ஓட ஆரம்பித்தது. அப்போது பென்னோ திரும்பி வந்தான். யாரும் அப்படி வரையவில்லை, எங்கள் மாடியிலும் இல்லை, எந்த மாடியிலும் இல்லை. ஓடுகிற எழுத்துகளை வயிற்றால் ஒதுக்கித் தள்ளிவிட்டு நடுவில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, பேர்களைச் சொல்ல ஆரம்பித்தான். முதலில் வந்ததெல்லாம் எங்களுக்குத் தெரியாத பேர்கள், வேறு ஏதோ கடலோரத்துப் பேர்கள். நிழல் போடுகிறவர்கள் என்று கனகவேல் மெதுவாகச் சொன்னது, போகிற வழியில் அந்தத் தீவிலும் பென்னோ இறங்கிவிட்டுத்தான் போனானாம், அங்கேயும் ஒரு சாப்பாட்டுக் கடை இருந்திருக்கும் போல. படம் ஓடுகிற தேசத்தில் அடுத்து நியூஸ் போட வேண்டிய நேரமாம், நிறுத்திப் பார்த்தார்களாம், படத்தை மாற்றிப் பார்த்தார்களாம், அவன் எழுந்திருக்கவே இல்லையாம்.

பிறகு, "அ. ஆறுமுகச்சாமி" என்றான்.

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த ஆறுமுகச்சாமிக்கு என்ன தோன்றியதோ, எச்சில் கையோடு எழுந்து நின்று, "உள்ளேன் ஐயா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த பேர் வந்தது, அந்தப் பெண்ணும் எழுந்து உள்ளேன் ஐயா என்றாள், யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு பேராக வந்தது, ஒவ்வொருத்தராக எழுந்தார்கள், எழுந்தவர்கள் உட்காரவில்லை. ஜான்சி டீச்சர் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"சு. மாரீஸ்வரி" என்றான் பென்னோ.

மாரி வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. டிவியில் அவன் அப்படியே இருந்தான், அடுத்த பேரைச் சொல்லவில்லை, கழுத்தைச் சாய்த்துக் காது கொடுத்துக்கொண்டு காத்திருந்தான், அங்கே அந்த தேசம் முழுக்க அவனோடு சேர்ந்து காத்திருந்தது.

"சத்தமாச் சொல்லும்மா" என்றது தன்ஷிகா.

மாரி இலைக்கு முன்னால் எழுந்து நிமிர்ந்து நின்று, தெரு முனை வரைக்கும் கேட்கிற மாதிரி, "உள்ளேன் ஐயா" என்றாள். அதன் பிறகுதான் அவன் அடுத்த பேருக்குப் போனான்.